அரை இன்ச் அண்ணனும் மூன்றடி மோரியும்

பெங்களூரில் அரை இன்ச் அண்ணன் அளக்காமல் விட்டது ஆகாயம் ஒன்றைத்தான். அதுவும் ஏணி எட்டாததால். மற்றபடி பஸ் ஸ்டாப் பெஞ்சு, இரண்டு லைட் கம்பங்களுக்கு நடுவில் உள்ள தூரம், சுடுகாட்டுச் சுவர், கல்யாண மண்டபத்தில் இலை போடும் மேஜை எல்லாவற்றின் அளவும் அவரிடம் இருந்தது. கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் கொஞ்சம் விவரமாகச் சொல்வார்.

நீலசந்திரா பக்கம் ஒரு தெரு. எந்த வார்டு என்று எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் ரிடையர் ஆகி நிம்மதியாக இருக்கிறார்கள், இருக்கட்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்தத் தெருவில் நான் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். பக்கத்துக் கடை அண்ணனுடையது. ஜென்ட்ஸ் டெய்லர். பீன்யா ஃபாக்டரிக்காரர்களுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுப்பதுதான் முக்கியமான பிழைப்பு. அவருக்கு ஒரு சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். ஆனால் காலர் அரை இன்ச் தள்ளியிருக்கிறது என்று சொல்லி, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு மாப்பிள்ளையின் சட்டையைக் கழற்ற வைத்தார். அன்றிலிருந்து அந்தக் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கடை திறந்த நாளில் சிவாஜி நகரில் வாங்கிய துணி டேப் ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். மஞ்சளாக இருந்தது டீ நிறத்துக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போனாலும் டேப், துக்க வீட்டுக்குப் போனாலும் டேப். துக்க வீட்டில் மட்டும் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார். அந்த அளவுக்கு இங்கிதம் தெரிந்தவர்.

அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"மூச்ச வுடுங்க."

"விட்டுத்தாண்ணா இருக்கேன்."

"இன்னும் இருக்குது, வுடுங்க. பொண்டாட்டி கிட்ட பொய் சொல்லுங்க, சர்க்கார் கிட்ட சொல்லுங்க. டேப்பு கிட்ட சொல்லாதீங்க. அப்புறம் பேன்ட்டு கிழிஞ்சா அது உண்மையச் சொல்லிடும்."

இதைவிடப் பெரிய தொல்லை அவருடைய அளவு நோட்டு. எல்லா டெய்லரும் அதை மேஜை டிராயரில் வைப்பார்கள். இவர் கடை வாசலில் ஆணியடித்து, கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். போகிற வருகிறவர்கள் யாரும் புரட்டலாம். எங்கள் தெருவில் எந்த ஆண் பிள்ளையின் இடுப்பும் ரகசியமாக இருந்ததில்லை. பிஸ்கட் ஏஜென்சிக்காரர் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார்.

"இன்னாண்ணா இது, என் வயித்த ஊரே பாக்கணுமா?"

"நாளைக்கு பேன்ட்டு டைட்டுன்னு சொல்லி நீங்கதான வருவீங்க? அப்ப நான் இன்னா எழுதனேன்னு நீங்க பாக்க வேணாமா? மூடி வெச்சா, நான் ராவோட ராவா மாத்தி எழுதிட்டேன்னு ஒங்களுக்குத் தோணும். எனக்கும் அந்த ஆசை வரும்."

ஏஜென்சிக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தில் தன் மைத்துனருடைய இடுப்பைப் பார்த்து ஆறுதல் அடைந்து போனார்.

இப்போது தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிகிற தெரு. மேட்டில் எங்கள் கடைகளும் அண்ணன் வீடும். பள்ளத்தில் ஆறு வீடுகள், அதில் கடைசி வீடு என்னுடையது. பெங்களூரில் நாங்கள் சாக்கடையை மோரி என்போம். எங்கள் தெருவில் மோரி என்று ஒன்று பேருக்கு இருந்தது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் அதைக் கண்டுகொள்ளாமல் நேராக என் வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு வருஷம் அரிசி டின் கூடத்திலிருந்து மிதந்து சமையலறை வரை போயிற்று. அது போக வேண்டிய இடம்தான் என்றாலும் என் மனைவி சரோஜாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

"இன்னொரு மழைக்குத் தண்ணி உள்ள வந்துச்சுன்னா நான் ஓசூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் ஒங்க டைப் மிஷினும் நீச்சல் அடிச்சிக்கிட்டு இருங்க" என்றாள். சரோஜா சும்மா மிரட்டுகிறவள் அல்ல. சொன்ன அன்றே பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அந்த மழைகளில் எல்லாம் அண்ணன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வருவார். உதவிக்கு என்று நான் நினைப்பேன். அவர் நேராக வந்து என் வாசற்படியில் டேப்பை விட்டு, தண்ணீர் எத்தனை இன்ச் நிற்கிறது என்று பார்ப்பார்.

"அண்ணா, ஒரு கை குடுங்கண்ணா, பீரோவத் தூக்கணும்!"

"இரு தம்பி. தண்ணி எறங்கிட்டா அப்புறம் எவ்ளோ இருந்துச்சின்னு எவனும் நம்பமாட்டான்."

எழுதி, நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்ட பிறகுதான் பீரோவுக்குக் கை கொடுப்பார். நனைந்த பீரோவைத் தூக்கியவர்களுக்குத்தான் அந்த இரண்டு நிமிஷத்தின் நீளம் தெரியும்.

புது மோரி கட்டுவதாகச் சொல்லி எங்கள் தெருவில் மூன்று வருஷத்தில் மூன்று தடவை குத்தலி பூஜை நடந்தது. கர்நாடகத்தில் அரசாங்க வேலை எதுவும் குத்தலி பூஜை இல்லாமல் ஆரம்பிக்காது. மண்வெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, வார்டு கவுன்சிலரான கார்ப்பரேட்டர் ஒரு கொத்து கொத்துவார். போட்டோ எடுப்பார்கள். லட்டு கொடுப்பார்கள். சில தெருக்களில் பூஜையோடு வேலையும் முடிந்துவிடும். மூன்று பூஜைக்கும் அண்ணன் முதல் ஆளாகப் போய் நின்று, கார்ப்பரேட்டர் கொத்திய குழியின் ஆழத்தை அளந்தார். மூன்றாவது தடவை கார்ப்பரேட்டர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன்ப்பா, அதுல இன்னா அளக்கற?"

"மொத வருஷம் நாலு இன்ச்சு தோண்டினீங்க ஸார். போன வருஷம் மூணு. இந்த வருஷம் ரெண்டரை. இப்படியே போனா இன்னும் நாலஞ்சு வருஷத்துல மோரி தரைக்கு மேல வந்துடும்."

கார்ப்பரேட்டருக்குச் சுருக்கென்று பட்டதோ, தேர்தல் பக்கத்தில் இருந்ததோ, அந்தத் தடவை வேலை நிஜமாகவே ஆரம்பித்தது. தகர போர்டு ஒன்று நட்டார்கள். இத்தனை நீளம், இத்தனை அகலம், ஆழம் மூன்றடி. சரோஜா அந்த போர்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சூட்கேஸைத் திரும்பப் பரணில் ஏற்றினாள்.

ஒரு வாரத்தில் மோரி முடிந்தது. மேலே கல் பலகை போட்டு மூடுவதற்கு முந்திய நாள் அண்ணன் குப்புறப் படுத்து, டேப்பை உள்ளே விட்டார். இருபத்தாறரை இன்ச். மூன்றடிக்கு முப்பத்தாறு இருக்க வேண்டும்.

கான்ட்ராக்டர் பீடாவைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஒம்பது இன்ச்சுதானே அண்ணா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்ரி." கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அர்த்தம்.

"பேன்ட்டுல ஒம்பது இன்ச்சு கொறச்சா அதுக்கு பேரு டவுசர் ஸார்" என்றார் அண்ணன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் ஜோக் அடிப்பதாக யாரும் நினைக்கக்கூடாது, தொழில்முறையில் சொன்னார். மறுநாள் கல் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் சூட்கேஸ் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் வந்தது. கோடை மழைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

அண்ணன் என் கடைக்கு வந்து உட்கார்ந்து மனு டைப் அடிக்கச் சொன்னார். மோரியின் ஆழம் இருபத்தாறரை இன்ச்தான் இருக்கிறது. இன்ஜினியர் தன் அளவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரு சனங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் மனு. அரசாங்க வேலை எதற்கும் இன்ஜினியர் அளந்து எழுதுகிற புத்தகம் ஒன்று உண்டு என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். தன்னைப் போலவே இன்னொருத்தர் இருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

தகவல் கேட்கிற சட்டமெல்லாம் எங்கள் கைக்கு வராத காலம் அது. வார்டு ஆபீஸில் ஜே.இ. என்கிற சின்ன இன்ஜினியர் மனுவைப் படித்துவிட்டு, "அது ஆபீஸ் புக். வெளியாளுக்குக் காட்டறதில்லை" என்றார்.

"நம்ம கடை புக்கு வாசல்லதான் ஸார் தொங்குது. எப்ப வேணா வந்து பாருங்க."

ஜே.இ. ஒரு விநாடி யோசித்து, "நாளே பன்னி" என்றார்.

பழைய பெங்களூர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு பேய் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதாகப் புரளி. அதற்குப் பயந்து கதவில் 'நாளே பா', அதாவது நாளைக்கு வா, என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வந்து மறுபடி படிக்கும். வார்டு ஆபீஸில் அதையே கொஞ்சம் மரியாதையாக வாயால் சொன்னார்கள். அண்ணனும் பேயைப் போலவே மரியாதை தெரிந்தவர். நாளை என்றால் நாளைதான். சரியாகப் பத்தரை மணிக்குப் போய் நிற்பார். "நாளே பன்னி" என்பார்கள். சரி என்று வந்துவிடுவார். கோபம் கிடையாது, கத்தல் கிடையாது. ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வேலை நாள் தவறவில்லை. காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் ஆபீஸின் ஜன்னல், மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் அளந்து நோட்டில் ஏற்றிவிட்டார். கடையில் யூனிபார்ம் துணி மலையாகக் குவிந்து கிடந்தது.

கடைசியில் ஒருநாள் பெரிய இன்ஜினியரே அறையிலிருந்து வெளியே வந்து, யார் இந்த ஆள் என்று கேட்டார். கண்டிப்பானவர், ரிடையர் ஆக ஆறு மாதம் இருந்தது. அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸார், ஒங்க சஃபாரில எடது கை முக்கால் இன்ச்சு நீளம்."

பெரியவர் திகைத்துப்போய்த் தன் கையைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா என்னமோ சரியில்லைன்னு நானும் நெனச்சிட்டே இருந்தேன். சரி பண்ணித் தர முடியுமா?"

"இந்தக் கேஸு முடியட்டும் ஸார். அதுக்கு முன்ன ஒங்க கையத் தொட்டா லஞ்சம் ஆயிடும்."

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் அம்மி முக்கால் இன்ச்சில் நகர்ந்தது. அடுத்த வாரம் எல்லோர் முன்னிலையிலும் கல் பலகையைத் தூக்கி மோரியை அளப்பது என்று பெரியவர் உத்தரவு போட்டார்.

அந்தக் காலையில் தெருவே கூடிவிட்டது. என் வீட்டு வாசலுக்கு எதிரே கடப்பாறை போட்டு மூன்று பலகைகளைத் தூக்கினார்கள். ஜே.இ. பளபளவென்று புது இரும்பு டேப்போடு வந்தார். இறக்கினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். இருபத்தெட்டு இன்ச்.

ஜே.இ. நான் டைப் அடித்த மனுவை எடுத்துப் பெரியவருக்குக் காட்டினார். "இதுல இருபத்தாறரைன்னு எழுதியிருக்கார் ஸார். நெஜம் இருபத்தெட்டு. புகாரே பொய். பொய்ப் புகாரை நாம விசாரிக்க வேண்டியதில்லை."

பெரியவர் தயங்கினார். ஒரு மனுவில் எழுதியது தப்பு என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டால் ஆபீஸ் மனிதர் என்ன செய்வார்? பேனாவைத் திறந்தார். என் பின்னால் நின்ற சரோஜா வீட்டுக்குள் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸ் தரையில் உரசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. எனக்கு அண்ணன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உலகத்தையே அளக்கிற மனிதருக்கு என் வீடு மட்டும்தானா தப்ப வேண்டும்?

அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, இரும்பு டேப்புக்குப் பக்கத்தில் தரையில் நீட்டி வைத்தார். அவர் டேப்பின் முப்பத்தாறு, இரும்பு டேப்பின் முப்பத்தெட்டில் நின்றது. முப்பது வருஷம் இழுத்து இழுத்து, துணி டேப் நீண்டு போயிருந்தது. அவர் முகம் சுண்டிப்போனதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பிறகு எழுந்து மேட்டுக்கு நடந்தார். ஓடிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தன் கடையில் துணி குறிக்கிற சாக்பீஸை எடுத்து, கடைப் பலகையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதினார்: 'என் டேப் தப்பு. மோரி 26½ இல்லை. 28.' பலகையைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, மோரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"ஸார், தப்பு என்னுதுதான். முப்பது வருஷமா இந்த டேப்புலதான் ஒடம்ப அளந்தேன், இதே டேப்புலதான் துணிய வெட்டனேன். ஒரு சட்ட தப்பு ஆகல. எப்படி ஆகும்? ரெண்டும் ஒரே டேப்பு. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க. இன்னிக்கு ஒங்க டேப்ப பக்கத்துல வெச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

பெரியவர் பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை.

"அதான் ஸார் நானும் கேக்கறேன். இன்ஜினியர் சாரும் அவுரே அளந்து, அவுரே எழுதி, அவுரே மூடி வெச்சிக்கிறாரு. என் டேப்ப வுடுங்க, அத நான் குப்பையில போட்டுடறேன். அவுரு டேப்பே இருபத்தெட்டுன்னு சொல்லுது. அவுரு புக்கு எவ்ளோ சொல்லுதுன்னு ஒரு வாட்டி பாத்துடலாம்."

கூட்டத்தில் யாரோ ஆமாம் என்றார்கள். பிறகு எல்லோரும் ஆமாம் என்றார்கள். அந்த ஏப்ரல் வெயிலில் ஜே.இ. தன் இரும்பு டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். பெரியவர் அவர் பக்கம் கையை நீட்டி, "புக் தகொண்டு பாரய்யா" என்று புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஜீப்பிலிருந்து புத்தகம் வந்தது. பக்கத்தைப் புரட்டிப் பெரியவரே சத்தமாகப் படித்தார். ஆழம், மூன்றடி. முப்பத்தாறு இன்ச்.

அண்ணன் ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

"என் தப்பு ஒண்ணரை இன்ச்சு ஸார். போர்டுல எழுதிட்டேன். ஒங்களுது எட்டு இன்ச்சு. எங்க எழுதப் போறீங்க?"

பெரியவர் பேனாவை மூடிவிட்டு, ஜே.இ.யின் பாக்கெட்டிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்த இடத்திலேயே, ஜீப் பானெட் மேல் புத்தகத்தை வைத்து, முப்பத்தாறை அடித்து இருபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு, தெருக்காரர்கள் பார்க்கட்டும் என்று புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார். முதலில் போய்ப் பார்த்தது சரோஜா. கையில் சூட்கேஸ் இருந்தது.

கான்ட்ராக்டர் மறுபடி தோண்டினார். இந்தத் தடவை அண்ணன் தினமும் குப்புறப் படுத்திருந்தார், கையில் புது இரும்பு டேப். கடைசி நாள் அளவு முப்பத்தாறரை வந்தது. "அரை இன்ச்சு ஜாஸ்தி. அதையும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். கான்ட்ராக்டர் அழாத குறை. பெரியவருடைய சஃபாரி கையை அண்ணன் அதற்கு அடுத்த நாள்தான் தொட்டார்.

புது டேப்பால் தெருவில் வேறொரு கலவரமும் நடந்தது. ஒரே நாளில் எல்லோருடைய இடுப்பும் இரண்டு இன்ச் ஏறிவிட்டது. முப்பத்திரண்டாக இருந்த நான் முப்பத்துநாலு ஆனேன். பிஸ்கட் ஏஜென்சிக்காரர் இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார். பழைய பேன்ட்டுகள் மட்டும் யாருக்கும் இறுக்கவில்லை.

மே மாதம் முதல் மழை வந்தது. பள்ளத்து ஆறு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று மோரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் தடதடவென்று வந்தது, மோரியில் இறங்கியது, போயே போய்விட்டது. சரோஜா அழுதாள், நானும்தான். மேட்டிலிருந்து பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் இறங்கி வந்தார். என் வாசற்படியில் டேப்பை வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அவர் மேட்டு வீட்டில் எந்த மழைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சில வருஷம் கழித்து, கண் மங்கி, கடையை மூடிவிட்டு மகனோடு சந்தாபுராவுக்குக் குடிபோனார். போகும்போது அந்த நோட்டைக் கொண்டுவந்து என் கடை வாசலில் ஆணியடித்து மாட்டினார்.

"யாராச்சும் கேட்டா காட்டு தம்பி. மூடி வெக்காத."

அவர் போன பிறகு என் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மேலே என் பெயர், இடுப்பு, தோள், கால் நீளம். அவற்றுக்குக் கீழே 'வாசப்படி தண்ணி' என்று ஒரு வரிசை. ஒன்பது என்பதை அடித்து ஒன்பதரை, பதினாலை அடித்துப் பதினாலே முக்கால், பதினொன்றை அடித்துப் பதினொன்றரை. பழைய டேப்பில் எடுத்ததை எல்லாம் உட்கார்ந்து திருத்தியிருந்தார். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்றாகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நான் எட்டிப் பார்க்காத மழைகளிலும் மனிதர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் இல்லாத தெரு எனக்கு இன்னும் பழகவில்லை. இப்போதெல்லாம் மழை விட்டதும் நானே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் குனிந்து பார்த்து, அந்தப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போடுகிறேன். போட்டுவிட்டு, சரியாக வைத்துப் பார்த்தேனா என்று கேட்க யாராவது மேட்டிலிருந்து இறங்கி வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன்.